புரட்டாசி, ஐப்பசியில் மலையகத்தில் அனுபவிக்க என்ன இருக்கிறது?

செப்டெம்பர் 11, மாலை

வாசகர் ஒருவர் கேட்டது:

"மகள் கனடாவில் இருக்கிறாள். அங்கே மரங்கள் நிறம் மாறத் தொடங்கிவிட்டதாம், படம் படமாக அனுப்புகிறாள். நம் மலையகத்தில் இதே மாதங்களில் என்ன இருக்கிறது? காற்று, அப்புறம் மழை, அப்புறம் சேறு. நான் கொழும்புக்கு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஊரில் காணி, வீடு என்று இருப்பவர்கள் சொல்லுங்கள், இந்த இரண்டு மாதத்தில் ரசிக்க ஏதாவது இருக்கிறதா?"

செப்டெம்பர் 11, இரவு

இருக்கிறது. நிறைய இருக்கிறது. ஹப்புத்தளைக்குக் கொஞ்சம் கீழே, எங்கள் பெயரில் உள்ள 7 பேர்ச் காணியில் இருந்து எழுதுகிறேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர், மாமியார், சின்ன மகன். ஒரு பசு, கொஞ்சம் நாட்டுக்கோழி.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆனி பிறந்ததில் இருந்து எங்கள் பக்கம் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிறது. தென்மேற்கு மழையெல்லாம் ஹட்டன், நோர்வூட் பக்கத்து மலைகளிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது அது காய்ந்த காற்றாகத்தான் வரும். கூரைத் தகரத்தின் மேல் கல் ஏற்றி வைக்காத வீடு கிடையாது. உடுப்புக் காயப்போட்டால் அடுத்த லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வடிகானில்தான் போய்ப் பொறுக்க வேண்டும். உதடு வெடிக்கும், பாத்தி வெடிக்கும், பசுவின் காம்புகூட வெடிக்கும். தேங்காய் எண்ணெய் தடவித்தான் கறப்போம். ஆனால் இதே காய்ச்சல்தான் கொழுந்துக்கு ஒரு வாசத்தைக் கொடுக்கிறது. ஆடி, ஆவணியில் ஆயும் ஊவாத் தேயிலைக்கு ஏலத்தில் தனி மதிப்பு உண்டு. கொழுந்து குறைவாகத்தான் கிடைக்கும், பெக்டரிப் பக்கம் நடந்தால் மணம் ரோட்டு வரைக்கும் வரும்.

புரட்டாசி பிறக்கிற நேரத்தில் ஒரு நாள் அந்தக் காற்று நின்றுவிடும். நீங்கள் கேட்ட இரண்டு மாதத்தில் நான் முதலாவதாகச் சொல்லும் சுகம் அதுதான். விடியக் காலையில் எழும்பினால் தகரம் சத்தம் போடாது. கீழ் லயத்தில் யாரோ வாளியை வைப்பது கேட்கும், இதல்கசின்ன பக்கம் ரயில் கூவுவது கேட்கும், கோழி மண்ணைக் கிளறுவதுகூடக் கேட்கும். காற்று முடியும் வரை கத்திக் கத்திப் பேசிய வீட்டில் எல்லோரும் தானாகவே மெல்லப் பேசத் தொடங்குவார்கள். அடுப்புப் புகை நேராக மேலே போகும். மாமியார் இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், பாயைப் போட்டு உட்கார்ந்து, காற்றில் உட்கார முடியாமல் தள்ளிப்போட்ட வேலையெல்லாம், அரிசி புடைப்பது, மிளகாய் காம்பு கிள்ளுவது என்று ஒவ்வொன்றாக எடுப்பார்.

இன்று முக்கால்வாசி அடங்கிவிட்டது. இன்னும் இரவில் மட்டும் கொஞ்சம் வீசுகிறது.

செப்டெம்பர் 12

மஸ்கெலியாவில் கட்டிக்கொடுத்த என் தங்கச்சி மேலே உள்ளதைப் படித்துவிட்டுப் போன் எடுத்தாள். "ஒனக்கு காத்து நின்னா சொகம். எங்களுக்கு மழை நின்னாத்தான் சொகம்." அவள் சொல்வது சரி. நான் எழுதியது ஊவாப் பக்கத்துக்கு மட்டும் பொருந்தும். அவர்களுக்கு வைகாசியில் பிடித்த மழை. பள்ளிக்கூட உடுப்பை அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் காயவைப்பார்கள், பிள்ளைகளின் சட்டையில் எப்போதும் ஒரு புகைவாசம் இருக்கும். தேயிலை மலைக்குப் போனால் அட்டை. புரட்டாசியில் மழை விட்டு விட்டுப் பெய்யும்போது அவர்களுக்கு ஒரு வெயில் கிடைக்கும். அந்த வெயிலில் தலையணை, மெத்தை, பிள்ளைகள் எல்லாவற்றையும் வெளியே தூக்கிப் போடுவார்களாம். மழை சரியாகப் பெய்த வருசத்தில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் அந்த நேரம் விளிம்பு வரை நிறைந்து கிடக்கும்.

ஒரு முகடு நடுவில் நிற்பதால் அக்காவுக்கும் தங்கச்சிக்கும் வேறு வேறு காலம். ஐப்பசி வந்தால் இரண்டு பக்கமும் ஒரே மழை, பின்நேர இடிமழை. அதற்குப் பிறகு சண்டை இல்லை.

செப்டெம்பர் 15

விறகைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார், இப்போது யார் விறகில் சமைக்கிறார்கள் என்று. நாங்கள் சமைக்கிறோம். காஸ் இருக்கிறது, அவசரத்துக்கு. 2022 பொருளாதார நெருக்கடியில் டவுனில் வெறும் சிலிண்டரோடு ஆட்கள் வரிசையில் படுத்துக் கிடந்தபோது எங்கள் அடுப்பு ஒரு வேளையும் அணையவில்லை.

கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடியைக் கிளை நறுக்கிவிட்ட, மலையில் இருந்து வரும் மிலாறுக் குச்சிதான் எங்களுக்கு விறகு. பச்சையாகக் கொண்டுவந்தால் கண்ணைக் கரிக்கும். கச்சான் காற்றில் காய்ந்தால் அதற்கு நிகரான விறகு கிடையாது, நின்று எரியும், புகை வராது. காற்று ஓய்ந்து மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும், அதற்குள் அடுக்கி முடித்துவிட வேண்டும். இந்தக் கிழமை எங்கள் வீட்டில் அந்த வேலைதான். அடுப்படிச் சுவரோடு, கூரை இறக்கத்துக்குக் கீழே, குறுக்கும் நெடுக்குமாக, நடுவில் காற்றுப் போகிற மாதிரி. மாமியார் இரண்டு குச்சியை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார். "டங்" என்று சத்தம் வந்தால் உள்ளே போகும். "டொப்" என்றால் திரும்ப வெயிலுக்கு. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், ஆனால் இந்தச் சத்தம் மட்டும் தப்பாது.

காணியில் இருந்து தோண்டி எடுத்த பழைய தேயிலைத் தூர்களும் ஒரு மூலையில் கிடக்கின்றன. கோடாலி பட்டால் தெறிக்கும், அவ்வளவு இறுக்கம். அதை ஒரு துண்டு இரவில் அடுப்பில் தள்ளிவிட்டால் விடிய சாம்பலைக் கிளறும்போது தணல் இருக்கும்.

அடுக்கி முடித்த விறகை நின்று பார்ப்பதில் ஒரு நிம்மதி உண்டு. மழைக்காலம் எவ்வளவு இழுத்தாலும் தேத்தண்ணிக்குக் குறைவில்லை என்ற நிம்மதி.

செப்டெம்பர் 18

"7 பேர்ச்சில் என்ன தோட்டம் போட்டுக் கிழிக்க முடியும்" என்று கேட்ட தம்பிக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது எனக்கு முக்கியமான விஷயம்.

ஒரு பேர்ச் 272 சதுர அடி. 7 பேர்ச் என்றால் 1,900 சதுர அடி சொச்சம். வீடு 550 சதுர அடி. மிச்சம் 1,350. அதில் நடைபாதை, மலசலகூடக் குழி, மாட்டுக் கொட்டில் எல்லாம் போக என் கைக்கு வருவது சின்ன இடம்தான். ஆனால் நான் பிறந்து வளர்ந்த லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில்தான் அப்பாயி, அப்பா, அம்மா, நாங்கள் எல்லோரும் சமைத்து, படுத்து, படித்து, வளர்ந்தோம். அந்தக் கணக்கில் பார்த்தால் இப்போது மரக்கறிக்கு மட்டும் எனக்கு எத்தனையோ காம்பரா இருக்கிறது. சரிவான இடம், அதனால் கல் அடுக்கி மூன்று தட்டாகப் பிரித்திருக்கிறோம். மேல்தட்டில் கரட், பீட்ரூட். நடுவில் போஞ்சி, லீக்ஸ். கீழ்த்தட்டில் சவ்சவ் பந்தல், அதற்குக் கீழே கோழிக்கூடு. பந்தலின் நிழல் கோழிக்கு, கோழியின் எரு பந்தலுக்கு.

தேயிலை நின்ற மண்ணில் மரக்கறி லேசில் வராது. தேயிலைக்குப் புளித்த மண்தான் பிடிக்கும், பிஎச் 4.5க்கும் 5.5க்கும் இடையில். கரட்டும் கோவாவும் 6க்குப் பக்கத்தில் கேட்கும். ஆகவே டொலமைட் சுண்ணாம்பு போட வேண்டும், அதுவும் நடுவதற்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்னால், மண்ணோடு நன்றாகக் கொத்திக் கலந்து. சாணியையும் அதையும் ஒரே நாளில் போடாதீர்கள், சாணியில் உள்ள சத்து வாயுவாகப் போய்விடும். முதலில் டொலமைட், அப்புறம் ஒரு இடைவெளி விட்டு எரு. ஐப்பசி மழைக்கு விதை விழ வேண்டுமானால் டொலமைட்டுக்கு நாள் இப்போதுதான். நேற்றுப் போட்டு முடித்தேன். கையெல்லாம் வெள்ளை.

வீடு கைக்கு வந்ததற்கும் காணி உறுதிப் பத்திரம் கைக்கு வந்ததற்கும் நடுவில் நிறையவே இழுத்தடித்தார்கள். எந்தக் கந்தோர் என்று எழுதப் போவதில்லை. அந்தக் காலம் முழுவதும் கீரை மட்டும்தான் போட்டோம். உறுதி வந்த பிறகுதான் என் வீட்டுக்காரர் கல் தூக்கத் தொடங்கினார்.

செப்டெம்பர் 21, புரட்டாசிச் சனி

கோயிலுக்குப் போய் எள் விளக்கு ஏற்றிவிட்டு வந்தோம். இன்று வீட்டில் மரக்கறிச் சாப்பாடு, எல்லாம் காணியில் பறித்தது: பூசணிக்காய்க் குழம்பு, போஞ்சிப் பால்கறி, சவ்சவ் கொழுந்துச் சுண்டல். சுண்டலுக்குக் கொழுந்தின் நுனியில் இருக்கும் சுருளை நீக்கிவிட்டு, பிஞ்சு இலையோடு தண்டையும் சேர்த்துப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் போட்டு, மூடாமல் புரட்டி எடுக்க வேண்டும். மூடினால் கறுத்துவிடும்.

செப்டெம்பர் 27, இரவு

பெய்துவிட்டது!

மத்தியானம் ஒரு மணிக்குக்கூட நல்ல வெயில். அப்புறம் தங்கமலைப் பக்கம் கறுத்தது. மகன் பள்ளிக்கூடத்தில் இருந்து ஓடி வந்து வாசலில் கால் வைக்கவும் முதல் துளி விழவும் சரியாக இருந்தது. பெரிய துளி, புழுதியில் விழுந்து குழி பறித்தது. வாசனை அடித்தது, பசு கொட்டிலுக்குள் தலையைத் தூக்கி மோப்பம் பிடித்தது. அடுத்த நிமிசம் தகரத்தின் மேல் வந்த சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. மாமியார் வீட்டில் உள்ள எல்லாப் பாத்திரத்தையும் கொண்டுபோய்க் கூரை இறக்கத்தில் வைத்தார். குழாயில் தண்ணி வருகிறது, ஆனாலும் தலை முழுக மழைத்தண்ணிதான் வேண்டுமாம். டீவி, சார்ஜர் எல்லாம் பிடுங்கியாயிற்று. சித்திரையிலும் இந்த ஐப்பசி, கார்த்திகையிலும்தான் நம் நாட்டில் மின்னல் அதிகம், மறக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை என்பதால் மாசிக் கருவாடு போடாமல் கட்டச் சம்பல் இடித்தேன். கோதுமை மாவில் கொஞ்சம் குரக்கன் மாவும் நிறையத் தேங்காய்ப்பூவும் பிசைந்து ரொட்டி. இஞ்சி தட்டிப் போட்ட சாயத்தண்ணி (பால் சேர்க்காத தேத்தண்ணி), கடித்துக்கொள்ளக் கித்துள் கருப்பட்டி. மழை விட்ட பிறகும் யாரும் அடுப்படியை விட்டு எழும்பவில்லை.

செப்டெம்பர் 28

முதல் மழைக்கு மறுநாள் எங்கள் பக்கம் எந்த வீட்டிலும் தண்ணி வராது. ஊற்றில் இருந்து கறுப்பு ஓஸ் பைப் போட்டு எடுக்கிற தண்ணிதான் எல்லோருக்கும். வெள்ளம் அடித்துக்கொண்டு வரும் சருகும் மணலும் பைப் வாயை அடைத்துவிடும். காலையில் நானும் மகனும் மேலே போனோம். பைப் வாயில் பழைய வெங்காயச் சாக்கு வலையை இரண்டு மடிப்பாகக் கட்டி வைத்திருப்போம். அதைச் சுற்றிச் சவுக்குச் சருகு பசை போல ஒட்டியிருந்தது. வலையை அவிழ்த்து, கல்லில் அடித்து, திருப்பிக் கட்டி, பைப் வாயைத் தண்ணிக்குள் நன்றாக அமிழ்த்திப் பிடித்தோம்.

மகனை வீட்டுக்கு ஓடச் சொல்லிவிட்டுப் பின்னால் இறங்கி வந்தேன். வந்து சேரும்போது பைப்பின் இந்த முனை இருமிக்கொண்டிருந்தது. காற்று வரும், நிற்கும், ஒரு கை அளவு மண்ணிறத் தண்ணி துப்பும், திரும்பக் காற்று. அப்புறம் தேத்தண்ணி நிறம். அப்புறம் கலங்கல். பிறகு ஒரேயடியாகத் தெளிந்து, குளிர்ந்து, பெரு விரல் மொத்தத்தில் கொட்டத் தொடங்கியது. மகன் வாயை வைத்துக் குடித்துவிட்டுப் பல் கூசுகிறது என்றான்.

பூமி காலை வெயிலில் சூடாகும், அந்தச் சூட்டுக்குக் காற்று மலை மேலே ஏறும், பின்நேரம் மேகமாகக் கட்டி இடித்துக்கொண்டு பெய்யும். இந்தக் காலத்து மழைக்கு இதுதான் வழக்கம். பெரிய காற்று எதுவும் இல்லாததால்தான் இப்படி. அதனால் எங்களுக்குக் காலை எப்போதும் கழுவி வைத்த காலை. இன்று தெற்கே சமவெளி முழுவதும் தெரிந்தது, குளங்கள் துண்டு துண்டாக மினுங்கின.

ஒக்டோபர் 1

பத்தனையை, அதாவது மலைப் புல்வெளியைப் பாருங்கள். ஆவணியில் யாரோ வைத்த தீயில் எரிந்து கறுத்துக் கிடந்த மலைச்சரிவெல்லாம் பச்சை பிடித்துவிட்டது. மானாப்புல் கட்டைக்குள் இருந்து ஊசி ஊசியாகக் கிளம்புகிறது.

பசு வைத்திருப்பவர்களுக்கு மட்டும்: இந்தப் புதுப்புல்லை அறுத்தவுடனே அப்படியே போடாதீர்கள். ஈரமும் இளசுமாகத் தின்றால் வயிறு உப்பும், கழியும். கொஞ்ச நேரம் வாட விட்டு, பழைய காய்ந்த புல்லோடு கலந்து போடுங்கள். பால் கூடும் காலம் இது. காலையில் பால் எடுக்க வருகிறவரிடம் ஊற்றியது போக, மாமியாருக்குத் தயிர் தோய்க்க மிஞ்சுகிறது.

ஒக்டோபர் 4

சவ்சவ் எப்படி நடுவது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். முழுக்காயைத்தான் நட வேண்டும், உள்ளே ஒரே ஒரு விதை, அதைப் பிரித்து எடுக்கக்கூடாது. முற்றிய காயை அடுப்படி மூலையில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். அகன்ற முனையில் உதடு மாதிரி ஒரு பிளவு இருக்கும், அதற்குள் இருந்து முளை எட்டிப் பார்க்கும். விரல் நீளம் வந்ததும், படுக்க வைத்தாற்போல், பாதிக் காய் மண்ணுக்கு மேலே தெரிகிற மாதிரி எருக்குழியில் வையுங்கள். முழுக்கப் புதைத்தால் இந்த மழைக்கு அழுகும். பந்தல் மட்டும் பலமாகப் போட வேண்டும், காய்க்கத் தொடங்கினால் பாரம் தாங்காது.

காளான் வந்துவிட்டது என்று சொல்லத்தான் உண்மையில் வந்தேன். இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று அப்பாயி சொல்வார். காய்ந்த மண் நன்றாக நனைந்ததும் கறையான் புற்று உள்ள இடங்களில் அது கிளம்பும், இடியும் அதே நாட்களில்தான் இடிக்கும். கீழ்த்தட்டுக்கு அப்பால், பழைய புற்று இருக்கும் வரப்பில் இன்று விடிய ஒரு கூட்டமே நின்றது. குடை விரியாததைப் பறித்து, காம்பை ஆழமாகப் பிடித்து இழுத்தால் வேர் போல நீளமாக வரும். மிளகும் பூண்டும் மட்டும் போட்டுச் சட்டியில் வதக்கினேன். அது விடும் தண்ணியிலேயே வெந்துவிடும். ஒரு வருசத்தில் சில நாட்களுக்கு மட்டும் கிடைக்கிற சாப்பாடு.

ஒக்டோபர் 5

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். தெரியாத காளானைப் பறிக்காதீர்கள், பூச்சி தின்றிருந்தால் நல்லது, வெள்ளி கறுக்காவிட்டால் நல்லது என்ற பேச்சையெல்லாம் நம்பாதீர்கள். அந்தச் சோதனை எதுவும் நஞ்சைக் காட்டாது. வருசா வருசம் ஒரே புற்றில், தெரிந்த ஒருவர் காட்டித் தந்ததை மட்டும்தான் நாங்கள் எடுப்போம்.

ஒக்டோபர் 9

மழையைக் கொண்டாடி எழுதிக்கொண்டே போகிறீர்களே, பயமில்லையா என்று ஒரு அண்ணன் கேட்டார். பயம் இருக்கிறது. கொஸ்லந்தை எங்களுக்குத் தூரமில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் அங்கே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணோடு போன அன்று இந்தப் பக்கம் அடுப்பு எரியாத வீடுகள் நிறைய. ஒவ்வொரு ஐப்பசியிலும் அந்த நாள் நினைவுக்கு வராமல் போகாது.

அதனால்தான் முற்றத்தில் ஒரு தகரப் பேணி வைத்திருக்கிறேன். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள பால்மா பேணி, மரமோ கூரையோ மறைக்காத இடத்தில், ஒரு கல்லுக்கு நடுவில் அசையாமல். காலை ஏழு மணிக்கு மகன் தன் அடிமட்டத்தை உள்ளே விட்டு எத்தனை மில்லிமீற்றர் என்று பார்த்துக் கலண்டரில் குறிப்பான். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் கவனம். 100 தாண்டினால் எச்சரிக்கை, பையைக் கட்டி வைக்க வேண்டும். 150 தாண்டினாலோ, ஒரு மணித்தியாலத்துக்குள் 75 கொட்டினாலோ வெளியேற வேண்டும். மண்சரிவு எச்சரிக்கை விடுகிற தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பின்பற்றும் அளவுகள் இவை. பேணியை மட்டும் பார்த்தால் போதாது. ஊற்றுத் தண்ணி திடீரென்று கலங்கினால், இல்லாத இடத்தில் புதிதாகத் தண்ணி கசிந்தால், மரமோ கம்பமோ சாய்ந்தால், நிலத்திலோ சுவரிலோ வெடிப்புத் தெரிந்தால், யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காமல் கிளம்புங்கள்.

கான் வெட்டுவதும் இதில் சேர்த்திதான். கூரைத் தண்ணி, ரோட்டுத் தண்ணி எல்லாம் காணிக்குள் இறங்காமல் சுற்றிப் போக வேண்டும். என் வீட்டுக்காரர் தோட்டத்தில் கான் வெட்டியே பழகியவர், அவர் வெட்டிய கானில் தண்ணி ஓடும், மண் ஓடாது. கரையில் சேரைப்புல் நட்டிருக்கிறோம். அதன் வேர் மண்ணைப் பிடிக்கும், இலை தேத்தண்ணிக்கு ஆகும்.

பயம் இருப்பதால் சுகம் குறைந்துவிடாது. நேற்று 22 மில்லிமீற்றர். நிம்மதியாகத் தூங்கினோம்.

ஒக்டோபர் 12

நேற்று ஆயுத பூசை. பெக்டரியில் பெரிதாகச் செய்வார்கள், மெசின் எல்லாம் மாலை போட்டுக்கொண்டு நிற்கும். வீட்டிலும் செய்தோம், அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

பகலிலேயே எல்லாவற்றையும் கழுவியாயிற்று. மம்பட்டி, முள்ளு, புல் வெட்டும் கத்தி, என் வீட்டுக்காரரின் கவ்வாத்துக் கத்தி, நான் மலைக்குப் போன காலத்துக் கொழுந்துக் கூடை, தேங்காய் துருவி, அம்மி. கவ்வாத்துக் கத்திக்கு மட்டும் தனி மரியாதை. அதன் பிடியில் அவருடைய விரல் பதிகிற இடம் தேய்ந்து பள்ளமாகி, எண்ணெய் ஏறிக் கறுத்துப் பளபளக்கிறது. வேறு யாராவது எடுத்தால் கை சரியாக உட்காராது. நீர்க்கல்லில் தீட்டி, துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, செவ்வந்திப் பூ ஒன்றைப் பிடியில் செருகினார். மகன் கணக்குப் புத்தகத்தை அடுக்கின் மேலே வைத்தான், ஒரு நாளைக்கு அதைத் தொடாமல் இருக்கலாமே என்று அவனுக்கு ஏக சந்தோசம். அவல், கடலை, பொரி, வாழைப்பழம். பசுவின் கொம்புக்கும் மஞ்சள் தடவினோம். பூசைக்குப் பிறகு இன்று விடியும் வரை ஒரு ஆயுதமும் எடுக்கவில்லை, புல்கூட முன்கூட்டியே அறுத்து வைத்தாயிற்று.

ஒக்டோபர் 13

இரவு படுத்துக்கொண்டு மேலே எழுதியதையெல்லாம் திரும்ப வாசித்தேன். விறகு, மழை, காளான் எல்லாம் லயத்தில் இருக்கும்போதும் எங்களுக்குக் கிடைத்தவைதான். லயத்துக்குப் பின்னாலும் கீரைப் பாத்தி போட்டோம். அப்படியானால் இப்போது என்ன வித்தியாசம் என்று யோசித்தேன்.

மரம்தான் வித்தியாசம். லயத்தில் யாரும் மரம் நடத் தயங்குவார்கள். காய்க்கும்போது நாம் இருப்போமா, இடம் இருக்குமா என்று தெரியாது. அப்பாயியின் தங்கச்சி ஒரு கொய்யா நட்டாராம், எங்கள் லயத்துக் கோடியில். 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள், இந்திய வம்சாவளிக்காரரில் 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போக வேண்டும் என்று. அந்தக் கணக்கில் எழுபதுகளில் சின்ன அப்பாயி குடும்பமும் போனது. கொய்யா அப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருந்தது. அங்கிருந்து வந்த முதல் கடிதத்தில் பிள்ளைகளின் சுகத்துக்கு அடுத்தபடியாக மரத்தைத்தான் விசாரித்திருந்தார் என்று அப்பாயி சொல்லிச் சொல்லி அழுவார். அந்தக் கொய்யாவைத் தின்றுதான் நாங்கள் வளர்ந்தோம்.

உறுதி வந்த அந்த ஐப்பசியில் நாங்கள் ஒரு ஒட்டு வெண்ணெய்ப்பழக் கன்று நட்டோம். இரண்டடிக் குழி, எருவும் மேல்மண்ணும் போட்டு ஆற விட்டு, மழை பிடித்ததும் நட்டது. போன வருசம் முதல் காய்ப்பு. இந்த வருசம் ஒரு தோடை வைக்கப் போகிறோம், குழி தயார். நடுவது மாமியார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, தன் கையால் இதுவரை பழ மரம் ஒன்றும் நட்டதில்லை என்று அவர் சொன்ன பிறகு நாங்கள் யாரும் குழியைத் தொடவில்லை.

ஒக்டோபர் 18

ஆறுமணிக் குருவி வந்துவிட்டது. முந்தாநாள் பொழுது சாயும்போது கேட்டது, இன்று விடிய கண்டும்விட்டேன். எருக்குழி ஓரத்தில் சருகைப் புரட்டிக்கொண்டு நின்றது. பச்சை முதுகு, வாலுக்கு அடியில் சிவப்பு, கண்ணில் மை தீட்டிய கறுப்புக் கோடு. இமயமலை அடிவாரப் பக்கம் இருந்து ஒவ்வொரு ஐப்பசிக்கும் நம் நாட்டுக்கு வருகிறது, சித்திரை வாக்கில் திரும்பிப் போகும். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் கத்துவதால்தான் இந்தப் பெயர். மாமியார் விளக்கு வைப்பது இனி இதன் சத்தத்துக்குத்தான்.

மஞ்சள் வயிற்று வாலாட்டிக் குருவி இன்னும் முந்தியே வந்து தண்ணிப் பீலியடியில் திரிகிறது. கனடாவில் இலை கொட்டுகிற நேரத்தில் நமக்குக் குருவி வருகிறது என்று மகளிடம் சொல்லுங்கள்.

ஒக்டோபர் 20

கேள்வி கேட்டவர் தீபாவளிக்கு ஊர்ப்பக்கம் வருவதாக எழுதியிருக்கிறார். நல்லது, வாருங்கள். கோட்டையில் இருந்து இரவுத் தபால் ரயிலைப் பிடியுங்கள், விடிவதற்கு முன்னால் ஹப்புத்தளையில் இறங்கலாம், காலை முழுவதும் உங்களுக்கு. பகல் ரயிலில் வந்தால் பின்நேரம்தான் வந்து சேரும், மழையில் மாட்டுவீர்கள். குடை போதாது, ரப்பர் செருப்பும் ஒரு கம்பளிச் சட்டையும் வேண்டும்.

தோடைக்கன்று நேற்று நட்டாயிற்று. போஞ்சி கம்பு பிடித்து ஏறத் தொடங்கிவிட்டது, நீங்கள் வரும்போது பூத்திருக்கும், காய் பறிக்க அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் ஆகும். பாதையில் நல்ல தேங்காயாக நாலைந்து வாங்கி வாருங்கள். இந்த உயரத்தில் தென்னை காய்க்காது, டவுனில் விலை சொல்லி மாளாது. ரொட்டிக்கும் சம்பலுக்கும் அது ஒன்றுதான் எங்களுக்குக் குறை.